கேளுங்கள், சொல்கிறோம்: பட்டம் இல்லாத நாட்டின் பெரிய மனிதர்கள்

சென்ற மாதம் 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தோம். "எல்லாரும் சமம் என்று எழுதியவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்களே, அப்புறம் என்ன சமம்?" என்று கேட்டுக் கடிதங்கள் கட்டாகச் சேர்ந்துவிட்டன. அந்தக் காலத்து அமெரிக்காவில் யார் மேல், யார் கீழ் என்று எதை வைத்துப் பார்த்தார்கள்? இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு எங்கள் முன்னோர் சஞ்சியில் (ஒப்பந்தக் கூலிகளாக) வந்தவர்கள். வெள்ளைக்காரர்களே அமெரிக்காவுக்குச் சஞ்சியில் போனார்கள் என்று பேரன் சொல்கிறான். அதுவும் இதுவும் ஒன்றா?
(வாசகர், நிபோங் திபால்)

பதில்: ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம் ஐயா. கப்பல் கூலி கட்ட வழியில்லாதவன், வரப்போகும் வருடங்களின் உழைப்பை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டுக் கடல் தாண்டுவது இரண்டிலும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வர்ஜினியா போக ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 6 பவுண்டு ஆனது. கூலிவேலை செய்பவன் அவ்வளவு பணத்தை ஒருசேரக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். 1630களிலிருந்து விடுதலைப் போர் வரை அங்கே போன வெள்ளையரில் பாதிப் பேராவது இப்படி எழுதிக்கொடுத்துப் போனவர்கள்தான்.

எழுதும் முறையைக் கொஞ்சம் பாருங்கள். ஒரே தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதுவார்கள். பிறகு நடுவே நேராக வெட்டாமல், பல் பல்லாக, வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஒரு துண்டு போகிறவனிடம், மற்றது ஏஜெண்டிடமோ கப்பல் தலைவனிடமோ இருக்கும். பின்னால் வழக்கு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தாவிட்டால் ஏதோ ஒன்று போலி. 'இண்டெஞ்சர்' என்ற பெயரே இந்தப் பல்வெட்டால் வந்தது. (நம் சட்டைப்பையில் இருக்கும் 'ரிங்கிட்'டும் பல் விளிம்பைக் குறித்த பழைய மலாய்ச் சொல்தான். அது ஸ்பானிய வெள்ளிக்காசின் ஓரத்தைப் பார்த்து வைத்த பெயர்.)

கப்பல் கரை சேர்ந்ததும் தலைவன் தன் கையிலிருக்கும் தாளை விற்பான். வாங்கியவன் மறுபடி வேறொருவனுக்கு விற்கலாம். வாங்கியவன் செத்தால் அந்தத் தாளும் மாடு கன்றோடு சேர்த்து வாரிசுக்குப் போகும். காலம் பெரும்பாலும் 4 முதல் 7 வருடம். கூலி என்று காசு கிடையாது. சோறு, துணி, படுக்க இடம், அவ்வளவுதான். மலாயா சஞ்சியில் காலம் குறைவு, பெரும்பாலும் 3 வருடத்துக்குள். நாட்கூலியும் உண்டு, முன்பணக் கழிவு அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டாலும்.

தாளே இல்லாமல் வந்து இறங்கியவர்களுக்கு 'நாட்டு வழக்கம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். வர்ஜினியாவின் 1705ஆம் ஆண்டுச் சட்டப்படி, 19 வயதுக்கு மேற்பட்டவருக்கு 5 வருடம். குறைந்தவருக்கு 24 வயது ஆகும் வரை. அந்த வயதை நிர்ணயிப்பது உள்ளூர் நீதிமன்றம். பதினைந்து வயதுப் பையனைப் பன்னிரண்டு என்று பதிந்துவிட்டால் மூன்று வருடம் இலவச உழைப்பு. ஓடிப்போய்ப் பிடிபட்டால், இல்லாத நாளுக்கு இரட்டை நாள் கூடும். மேரிலாந்தில் 1666 முதல் ஒரு நாளுக்குப் பத்து நாள்! வேலைக்காரப் பெண் பிள்ளை பெற்றால் இன்னொரு வருடம், அல்லது 1,000 ராத்தல் புகையிலை. இப்படியே இழுத்து இழுத்துத்தான் நான்கு வருடம் ஏழாகும்.

முடிந்த பிறகு கையில் என்ன? அதே 1705 சட்டம் ஆணுக்கு 10 புஷல் மக்காச்சோளம் (ஒரு புஷல் ஏறக்குறைய 25 கிலோ), 30 ஷில்லிங், 20 ஷில்லிங் பெறுமான ஒரு துப்பாக்கி என்று வைத்தது. பெண்ணுக்கு 15 புஷல், 40 ஷில்லிங். நிலம் இல்லை. ஆனால் 1618 முதல் வர்ஜினியாவில் ஓர் ஆளின் கப்பல் கூலியைக் கட்டிக் கூட்டி வந்தவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்தது. வந்தவன் முதல் வருடமே மலேரியாவில் செத்தாலும் ஏக்கர் ஏக்கர்தான். பின்னாளில் 'பரம்பரைப் பெருங்குடும்பம்' என்று தலைநிமிர்ந்து நடந்த பல வீடுகளின் முதல் நிலம் இப்படிச் சேர்ந்தது. மேரிலாந்தில் மட்டும் 1680களின் தொடக்கம் வரை விடுபட்டவனுக்கே 50 ஏக்கருக்கு உரிமை இருந்தது. அளவைக்காரனுக்கும் பத்திரத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டுமே! கட்ட முடியாமல் உரிமைச் சீட்டையே அற்ப விலைக்கு விற்றவர்கள் ஏராளம்.

ஜெர்மானியர் கதை இன்னும் கசப்பு. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் கடனில் கப்பலேறி ஃபிலடெல்ஃபியாவில் இறங்குவார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் யாராவது கட்டணம் கட்டி மீட்கவில்லையானால் விற்பனைதான். பெற்றோர் கடனுக்குப் பிள்ளைகளை விற்றார்கள். பாதி வழி தாண்டிய பிறகு ஒருவர் கடலில் இறந்தால், அவருடைய முழுக் கட்டணமும் உயிரோடு இருக்கும் துணைவர் தலையில் விழும்.

மலாயாவில் இந்தியச் சஞ்சி 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை (தோட்டத்து மேஸ்திரியே ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவது) 1938 வரை ஓடியது. அமெரிக்காவில் வெள்ளையர் சஞ்சியை யாரும் ஒரே நாளில் ஒழிக்கவில்லை. 1820களில் ஆள் வரத்து வற்றித் தானாக மங்கிப்போனது.

கேள்வி: ஏழை வெள்ளையனும் கறுப்பு அடிமையும் ஒன்றாகத்தானே கஷ்டப்பட்டார்கள். கைகோத்துக்கொள்ளவே இல்லையா?
(கல்லூரி மாணவி, ஜெலுத்தோங்)

பதில்: கைகோத்தார்கள் அம்மா, ஒரு முறை பலமாகவே. 1676இல் வர்ஜினியாவில் நதானியல் பேக்கன் நடத்திய கலகத்தில் சஞ்சிக்காரர்களும் அடிமைகளும் சேர்ந்து நின்றார்கள். ஜேம்ஸ்டவுன் நகரமே தீக்கிரையானது. கடைசி வரை ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்த கூட்டத்தில் 80 கறுப்பரும் 20 ஆங்கிலேயரும் இருந்ததாகப் பதிவு. ஆனால் பேக்கனை ஏழைப் பங்காளன் ஆக்கிவிட வேண்டாம். அவனே தோட்ட முதலாளி. அவன் முதல் கோபம் செவ்விந்தியர் மேல். அவர்களை வெட்டித் தள்ள ஆளுநர் அனுமதிக்கவில்லை என்பதே சண்டையின் ஆரம்பம்.

அதற்குப் பின் வந்த சட்டங்களைப் படித்தால் ஆள்பவர்களின் பயம் புரியும். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்ற சட்டம் 1662லேயே வந்துவிட்டது. 1705 சட்டத் தொகுப்பு கோட்டை ஆழமாகக் கிழித்தது. கிறிஸ்தவ வெள்ளை வேலைக்காரனைச் சட்டையைக் கழற்றிச் சாட்டையால் அடிக்க நீதிபதி உத்தரவு வேண்டும். அடிமைக்கு அப்படி எதுவும் வேண்டாம். அடிமைகள் பாடுபட்டு வளர்த்த குதிரை, மாடு, பன்றி அனைத்தையும் பறிமுதல் செய்து, தேவாலயப் பொறுப்பாளர்கள் விற்று, அந்தப் பணத்தை அந்த ஊர் ஏழைகளுக்குச் செலவிட வேண்டும் என்றும் எழுதினார்கள். ஏழை வெள்ளையனின் கஞ்சிக்கு அடிமையின் பன்றி! இதற்குப் பிறகு கைகோப்பது எப்படி?

1790இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 39 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள்.

கேள்வி: நம் நாட்டில் தெருவுக்கு ஒரு டத்தோ இருக்கிறார். அமெரிக்காவில் ஏன் இல்லை?
(வாசகர், செந்தூல்)

பதில்: அரசியல் சட்டமே தடுக்கிறது. முதல் பிரிவின் 9ஆம் உட்பிரிவு, கூட்டரசு யாருக்கும் பிரபுப் பட்டம் தரக்கூடாது என்கிறது. பதவியில் இருப்பவர் வெளிநாட்டு மன்னரிடம் வாங்குவதானாலும் காங்கிரசின் சம்மதம் வேண்டும். அடுத்த உட்பிரிவு மாநிலங்களின் கையையும் கட்டிவிட்டது.

அதற்காக ஆசை இல்லாமல் இல்லை. 1789இல் அதிபரை எப்படி அழைப்பது என்று செனட் வாரக்கணக்கில் விவாதித்தது. துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் பெரிய அடைமொழிகளுக்காக மல்லுக்கட்டினார். 'மேன்மை தங்கிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபரும் அவற்றின் உரிமைகளின் காவலரும்' என்ற அளவுக்குப் போனது. கீழவை மசியவில்லை; வெறும் 'அதிபர்' போதும் என்றது. உருண்டையாக இருந்த ஆடம்ஸுக்குத்தான் கடைசியில் 'மாட்சிமை தங்கிய உருண்டை' என்று கேலிப்பெயர் மிஞ்சியது. 1783இல் போர் அதிகாரிகள் தொடங்கிய சின்சினாட்டி சங்கத்தில் உறுப்பினர் உரிமை மூத்த மகனுக்குப் போகும் என்று விதி வைத்தார்கள். 'இது பின்வாசல் வழியாக வரும் பிரபு வம்சம்' என்று பெரிய கூச்சல் எழுந்தது.

முந்தைய நூற்றாண்டில் அடைமொழி சாதாரண விஷயம் இல்லை. சாதாரணக் குடியானவன் 'குட்மேன்', மனைவி 'குட்வைஃப்'. 'மிஸ்டர்' என்பது சிலருக்கு மட்டுமே. 1631இல் மாசசூசெட்ஸில் ஜோசையாஸ் பிளேஸ்டோ என்பவர் செவ்விந்தியரிடம் நான்கு கூடை சோளம் திருடினார். தண்டனை: எட்டுக் கூடையாகத் திருப்பித் தரவேண்டும், 5 பவுண்டு அபராதம், இனி அவரை எல்லாரும் 'ஜோசையாஸ்' என்றே கூப்பிட வேண்டும், முன்போல 'மிஸ்டர்' கூடாது. மூன்றாவதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும்.

கேள்வி: 1770களின் பாஸ்டன் நகரை வைத்துப் பள்ளியில் நாடகம் போடுகிறோம். வணிகர், செருப்புத் தைப்பவர், விவசாயி, வேலைக்காரப் பெண். உடையிலேயே தகுதி தெரிய வேண்டும். செலவும் குறைவாக இருக்க வேண்டும்.
(ஆசிரியை, பட்டர்வொர்த்)

பதில்: முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறோம் டீச்சர். எல்லார் தலையிலும் வெள்ளை விக் மாட்டாதீர்கள். கொக்கி வைத்த உயரமான கறுப்புத் தொப்பியும் வேண்டாம். அது பின்னாளில் படம் வரைந்தவர்களின் கற்பனை. நாடகங்களில் அதிகம் பார்க்கும் இரண்டு தப்பு இவை.

விக் வணிகருக்கு மட்டும் போதும். சட்டை மணிக்கட்டில் மெல்லிய வெள்ளைத் துணியில் சுருக்கம் வைத்துத் தையுங்கள். வேலை செய்யும் கையில் அந்தச் சுருக்கம் நாலு நிமிடம் நிற்காது, அதனால்தான் அது அந்தஸ்தின் அடையாளம். முழங்காலுக்குக் கீழே இறுகும் கால்சட்டைக்குப் பழைய பேண்டை வெட்டி, பட்டி வைத்து, பொத்தான் போட்டால் சரி. நீண்ட வெள்ளைக் காலுறை, காலணியில் அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய கொக்கி.

செருப்புத் தைப்பவருக்குத் தோல் ஏப்ரன்தான் உயிர். அந்தக் காலத்தில் கைத்தொழிலாளர் கூட்டத்தையே 'தோல் ஏப்ரன்காரர்கள்' என்பார்கள். பழைய சோபா உறையின் பழுப்பு ரெக்சின் போதும். சட்டைக்கு லிட்டில் இந்தியா துணிக்கடைகளில் சாயம் போடாத காடாத்துணி கேளுங்கள். தொளதொளப்பாக, தொடை வரை வரவேண்டும். பெரிய பையனுக்கு மூன்று மீட்டர் பிடிக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கும். சொந்த முடி, பின்னால் கட்டியது. விவசாயிக்கும் இதே சட்டைதான், ஏப்ரன் இல்லாமல், கழுத்தில் கைக்குட்டையோடு. வேலைக்காரப் பெண்ணுக்குக் கணுக்கால் தெரியும் பாவாடை, முரட்டு ஏப்ரன், வெள்ளைத் துணித் தொப்பி. சீமாட்டியின் பாவாடை மட்டும் தரையைத் தொடலாம்.

உடையைவிடத் தொப்பிதான் அதிகம் பேசும். வணிகர் உள்ளே வந்தால் செருப்புத் தைப்பவர் தொப்பியைக் கழற்ற வேண்டும். வணிகர் கழற்றத் தேவையில்லை. கடைசிக் காட்சியில் அவர் கழற்றாமல் நிற்கட்டும். வசனமே வேண்டாம்.

கதை 1651க்குப் போனால் வேறு வேடிக்கை. அந்த வருடம் மாசசூசெட்ஸ் சட்டப்படி 200 பவுண்டுக்குக் குறைந்த சொத்துள்ளவர் தங்க, வெள்ளிச் சரிகையோ பொத்தானோ அணியக்கூடாது. பெண்கள் பட்டு முக்காடு போடக்கூடாது. நீதிபதிகள், படித்தவர்கள், முன்பு வாழ்ந்து நொடித்துப்போன வீட்டார் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

கேள்வி: அந்தக் காலத்து மரணச் சொத்துப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஓர் ஆள் எந்த வர்க்கம் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
(வரலாற்று மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: முடியும் தம்பி. ஆனால் மொத்தத் தொகையைப் பார்த்ததும் முடிவு கட்டினால் நிச்சயம் தப்பாகும். ஒவ்வொரு காலனியிலும் 'பவுண்டு' வேறு வேறு. பொதுவான அளவுகோல் ஸ்பானிய வெள்ளிக்காசு. பினாங்கின் ஆரம்ப காலத்தில் இங்கே புழங்கியதும் அதே காசுதான். விடுதலைக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு வெள்ளிக்கு லண்டன் கணக்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ், மாசசூசெட்ஸிலும் வர்ஜினியாவிலும் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக, பட்டியலில் 120 பவுண்டு என்று இருந்தால் அது 2,400 ஷில்லிங். நியூயார்க்காரனானால் 300 வெள்ளி. பாஸ்டன்காரனானால் 400 வெள்ளி. 1750க்கு முந்தைய மாசசூசெட்ஸ் தாளில் 'பழைய தாள்பணம்' என்று குறிப்பு இருந்தால் ஏழரையால் வகுத்துவிட்டுத் தொடங்குங்கள். இதை மறந்து, சாதாரணத் தச்சனைக் கோடீஸ்வரன் ஆக்கிய கட்டுரைகள் உண்டு.

அடுத்தது நிலம். நியூ இங்கிலாந்துப் பட்டியல்களில் நிலம் சேர்ந்திருக்கும். வர்ஜினியா, மேரிலாந்து, பென்சில்வேனியாப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. அதற்கு நிலப் பத்திரங்களையும் வரிப்பட்டியலையும் தேட வேண்டும். 200 பவுண்டுக்குத் தட்டுமுட்டுச் சாமான் காட்டும் வர்ஜினியாக்காரனுக்குப் பட்டியலில் வராத ஆயிரம் ஏக்கர் இருக்கலாம். இறந்தவர் பிறருக்குத் தர வேண்டிய கடனும் இதில் இராது. அது சொத்து நிர்வாகியின் கணக்கில் தனியாக வரும். அதைப் பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள். பட்டியலில் பிரபு, கணக்கில் திவால் என்பது அங்கே சகஜம்.

பிறகுதான் சாமான். படுக்கையைத் தேடுங்கள். இறகு மெத்தை, திரை, கட்டில் சேர்ந்த தொகுப்பு பல வீடுகளில் மிக விலை உயர்ந்த பொருள். ஏழை வீட்டில் உமி அடைத்த மெத்தை தரையில் கிடக்கும். முள்கரண்டி, தேநீர்ப் பாத்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி, சுவர்க்கடிகாரம், வெள்ளித் தட்டு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகலாம். தேநீர்ப் பாத்திரத்தை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். 1750க்குப் பிறகு நடுத்தர வீடுகளிலும் அது நுழைந்துவிட்டது. தெற்கே போனால் மாட்டுக்கும் மேசைக்கும் நடுவே மனிதர்களின் பெயரும், வயதும், விலையும் வரும். கிழவிகளுக்கு எதிரே 'மதிப்பில்லை' என்று பூஜ்யம் போட்டிருப்பார்கள்.

வயதையும் பாருங்கள். 25 வயதில் இறந்தவன் ஏழையாகத் தெரிவான். அப்பாவின் பங்கு இன்னும் வந்திராது. 70 வயதில் இறந்தவரும் ஏழையாகத் தெரியலாம். மகன்களுக்கு எழுதிக்கொடுத்து முடித்திருப்பார். உண்மையான பரம ஏழைக்குப் பட்டியலே கிடையாது. அவர்களை ஊர்ச் சபைக் கணக்கில் தேடுங்கள். நியூ இங்கிலாந்து ஊர்கள் ஆதரவற்றவரைப் பராமரிக்க ஏலம் விட்டன, குறைந்த தொகை கேட்டவருக்கு. புதிதாக வந்த ஏழைகளுக்கு 'ஊரை விட்டுப் போ' என்று அறிவிப்பும் கொடுத்தன.

கேள்வி: சொத்து இருந்தால்தான் ஓட்டாமே? எவ்வளவு?
(வாசகி, கெப்போங்)

பதில்: ஊருக்கு ஊர் கணக்கு வேறு. வர்ஜினியாவில் 1736 முதல் வெற்று நிலமானால் 100 ஏக்கர், வீடும் சாகுபடியும் உள்ளதானால் 25 ஏக்கர். ஓட்டு வாய்மொழி. அதிகாரி முன்னால் நின்று பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வேட்பாளர் அங்கேயே உட்கார்ந்திருந்து நன்றி சொல்வார். கடன் கொடுத்தவர் வேட்பாளராக இருந்தால் யாருக்கு ஓட்டு விழும்? 1758இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்காக அவருடைய ஆட்கள் ரம், பஞ்ச், ஒயின், பீர், சைடர் என்று ஏறக்குறைய 160 கேலன் ஊற்றினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. அவர் ஊரிலேயே இல்லாமல் ஜெயித்தார்.

விடுதலைக்குப் பிறகு பென்சில்வேனியா 1776இல் வரி கட்டும் ஆண்களுக்கெல்லாம் ஓட்டுத் தந்தது. மாசசூசெட்ஸ் 1780இல் 60 பவுண்டு சொத்து, அல்லது வருடம் 3 பவுண்டு வருமானம் தரும் நிலம் என்று வைத்தது. தென் கரோலைனாவில் 1778 சட்டப்படி ஆளுநர் ஆக 10,000 பவுண்டு நிலச்சொத்து வேண்டும்! நியூஜெர்சியில் 50 பவுண்டு சொத்துள்ள பெண்களும் ஓட்டுப் போட்டார்கள்; 1807இல் அதைப் பிடுங்கிவிட்டார்கள். நியூயார்க் 1821இல் வெள்ளையருக்குச் சொத்து விதியை எடுத்துவிட்டு, கறுப்பருக்கு மட்டும் 250 டாலர் என்று வைத்தது.

கேள்வி: யேல் பல்கலைக்கழகத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டா?
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: உண்டு. எலிஹு யேல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பணம் சேர்த்தவர். அவர் 1718இல் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்றதில் 560 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. 417 புத்தகமும் கொடுத்தார். கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1760கள் வரை அங்கே மாணவர் பெயர்ப்பட்டியல் அகரவரிசையில் இல்லை, மதிப்பெண் வரிசையிலும் இல்லை. தகப்பன் அந்தஸ்து வரிசை. ஹார்வர்டிலும் அதே வழக்கம்தான்.

கேள்வி: குதிரைப் பந்தயத்தில்கூட அந்தஸ்து பார்த்தார்களா?
(வாசகர், ஈப்போ சாலை, கோலாலம்பூர்)

பதில்: பார்த்தார்கள். 1674இல் வர்ஜினியாவின் யார்க் மாவட்டத்தில் ஜேம்ஸ் புல்லக் என்ற தையற்காரர் ஒரு கனவானின் குதிரையோடு தன் குதிரையை 2,000 ராத்தல் புகையிலைக்குப் பந்தயம் விட்டார். பந்தயம் கனவான்களின் விளையாட்டு, உழைப்பாளிக்கு உரிமை இல்லை என்று அவருக்கு 100 ராத்தல் அபராதம். எதிரி கனவானோ தன் குதிரையை வேண்டுமென்றே விலகவிட்டுத் தோற்க ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தார். ஏமாற்று என்று அவரைக் கால்மரத்தில் (கால்களை மாட்டிப் பூட்டும் மரச்சட்டம்) ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதாவது, அவர் ஏமாற்றியதுதான் குற்றம். தையற்காரர் ஓட்டியதே குற்றம்.

கேள்வி: மாமாக் கடையில் "பாஸ், தே தாரிக் ஒண்ணு" என்கிறோமே, இதுவும் அமெரிக்கச் சொல்லா?
(வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: ஆமாம். மூலம் டச்சுச் சொல் 'பாஸ்'. நியூயார்க் முதலில் டச்சுக்காரர் ஊர். புரட்சிக்குப் பிறகு வெள்ளைக் கூலிக்காரர்கள் முதலாளியை 'மாஸ்டர்' என்று கூப்பிட மறுத்தார்கள். அது அடிமை சொல்லும் சொல் என்று கூசினார்கள். 'சர்வென்ட்' என்று தங்களைச் சொன்னாலும் கோபம் வந்தது, 'ஹெல்ப்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த 'மாஸ்டர்' காலி செய்த இடத்தில் டச்சு 'பாஸ்' வந்து உட்கார்ந்தது. வேலையும் கூலியும் முன்பிருந்தபடியே.